அருவிக்கரைப் பலகைகளும் உருண்டை எழுத்தும்

ஆனி மாதம் பிறந்து, மலைக்கு அப்பால் பெய்கிற மழையின் சிதறல் கணவாய் வழியே காற்றோடு இறங்கித் தென்காசித் தெருக்களை நனைக்கத் தொடங்கிவிட்டால், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தை நோக்கிச் செல்லும் ஜனத்திரளுக்கு வழிகாட்டுகிற பொறுப்பு பெரும்பாலும் சாலையோரத்துப் பலகைகளின் மேல் விழுகிறது. பேரருவி எந்தப் பக்கம், ஐந்தருவிக்கு எங்கே திரும்புவது, பழைய குற்றாலம் இன்னும் எவ்வளவு தூரம், வண்டியை எங்கே நிறுத்துவது, பெண்கள் உடை மாற்றும் அறை எது என்று ஊருக்குப் புதியவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் வாய் திறந்து பதில் சொல்ல ஆள் கிடைப்பதற்கு முன்பே பலகை பதில் சொல்லிவிடுகிறது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்கிற பலகைகளில் என்ன எழுதுவது என்று அதிகாரிகளும் வியாபாரிகளும் யோசிக்கிறார்கள். எந்த எழுத்தில் எழுதுவது என்பதை ஒரு பொது விஷயமாகக் கருதி யாரும் விவாதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. புது மாவட்டத்துக்குப் புது அலுவலகங்களும் புதுப் பெயர்ப்பலகைகளும் வந்தன. ஊருக்கென்று ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆயினும் அது நழுவிப் போயிற்று. இன்று ஒரே சாலையில் ஒரு பலகையின் எழுத்து ஒல்லியாகவும், அடுத்ததன் எழுத்து இருபுறமும் பிடித்து இழுக்கப்பட்டு அகலமாகவும், மூன்றாவதில் உயரம் மட்டும் வளர்ந்து கொம்புகளெல்லாம் நெருக்குண்டும் நிற்கின்றன. பலகையின் இடத்துக்கு ஏற்ப எழுத்தை இழுத்தும் அமுக்கியும் வைப்பது கணிப்பொறியில் ஒரு கணத்தில் முடிகிற வேலையாகிவிட்டதால், எழுத்துக்கென்று ஓர் உடற்கட்டு உண்டு என்ற நினைவே நம்மை விட்டு அகன்றுவிட்டது. இந்த நிலையில், அருவிகளின் பெயர்களுக்கும் திசைகாட்டும் பலகைகளுக்கும் உருண்டை முனைகள் உடைய, கனமான, எளிய தலைப்பெழுத்து ஒன்றை மாவட்ட நிர்வாகம் நிலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது ஏன் உருண்டை எழுத்தாக இருக்க வேண்டும், அதை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

எழுத்துருக்களுக்குள் தொழில் வேற்றுமை உண்டு. புத்தகத்திலும் பத்திரிகையிலும் பத்தி பத்தியாக ஓடி, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளை மட்டும் வாசகரிடம் சேர்ப்பது ஒருவகை; தலைப்பிலும் பலகையிலும் பண்டங்களின் உறை மேலும் இரண்டொரு சொல்லாக நின்று தூரத்திலேயே கண்ணை அழைப்பது இன்னொரு வகை. பின்னதையே தலைப்பெழுத்து என்கிறோம். ஆங்கில எழுத்துக்களில் கோட்டின் முனைதோறும் சிறு பாதம்போல நீண்டிருக்கும் செரிஃப் என்னும் உறுப்பைக் களைந்துவிட்ட சான்ஸ் செரிஃப் எழுத்து, 1816-இல் லண்டனில் காஸ்லன் வார்ப்படச்சாலையின் மாதிரிப் புத்தகத்தில் அச்செழுத்தாகத் தோன்றியது. அதன் கோடுகள் ஏறக்குறைய ஒரே கனமுடையவை. முனைகள் கத்தரித்தாற்போல் சதுரமாக முடிபவை. அந்தச் சதுர முனைகளை அரைவட்டமாக்கி, மூலைகளையும் மெல்ல வளைத்துவிட்டால் நான் சொல்லும் உருண்டை எழுத்து கிடைக்கும். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979-இல் உருவாக்கப்பட்ட விஏஜி ரவுண்டட் இதற்குப் பிரசித்தமான உதாரணம். ஆப்பிள் கணிப்பொறிகளின் விசைப்பலகையில் பல ஆண்டுகள் நம் விரலடியில் கிடந்த எழுத்தும் அதுவே. ஜப்பானியர் தங்கள் சாலைப் பலகைகளிலும் பழைய தேசிய ரயில்வேயின் நிலையப் பலகைகளிலும் உருண்டை முனை எழுத்தைப் பழக்கப்படுத்திக்கொண்டு வெகுகாலமாகிறது.

தமிழுக்கு இத்தகைய எழுத்து இல்லையென்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை. மும்பையிலுள்ள ஏக் டைப் என்னும் எழுத்துரு நிலையத்தார், இந்திய லிபிகள் பலவற்றுக்கும் பொதுவாக பாலூ என்றொரு கனமான உருண்டைத் தலைப்பெழுத்தை 2016-ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்டார்கள். அதன் தமிழ் அங்கத்துக்கு பாலூ தம்பி என்று பெயர். அதை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். மலையாளத்துக்கு பாலூ சேட்டன், கன்னடத்துக்கு பாலூ தம்மா, தெலுங்குக்கு பாலூ தம்முடு, குஜராத்திக்கு பாலூ பாய், வங்காளிக்கு பாலூ தா என்று ஒவ்வொரு லிபிக்கும் அந்தந்த மொழியின் உறவு விளிப்பையே பெயராக வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரே கனத்தில் வந்த இவ்வெழுத்து, பின்னர் திருத்தம் பெற்று ஐந்து கன அளவுகளில் கிடைக்கலாயிற்று. சாவோ பாலோ நகரைச் சேர்ந்த மார்செலோ மகல்யாயிஸ் வரைந்த காய்னி என்ற உருண்டை எழுத்திலும் ஆங்கிலத்தோடு தமிழ் இருக்கிறது. பிரேசில் தேசத்துக் கலைஞர் ஒருவர் நம் ழகரத்தையும் ணகரத்தையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. இவ்விரண்டும் திறந்த உரிமத்தில் வெளியானவை. கடைக்காரரோ பஞ்சாயத்தோ பள்ளிக்கூடமோ எவரும் ஒரு காசும் கொடுக்காமல், தொழிலுக்கும்கூட, பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகையால், பணமில்லை என்று இந்த விஷயத்தில் எந்த அலுவலகமும் சொல்வதற்கில்லை.

இனி இந்தப் பிரதேசத்துக்கும் வளைந்த எழுத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்க்கலாம். பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வேரூன்றும் வரையில் கல்லிலும் செம்பிலும் வழங்கிய எழுத்து வட்டெழுத்து. தென்காசிக்குத் தென்கிழக்கே அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும், வடகிழக்கே கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் அடியில் பொறித்துள்ள சிறு வாசகங்களும் அந்த எழுத்திலேயே இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டையொட்டி நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்தின் முன்னோர் இங்கே வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மலைக்கு அப்பால் சேர நாட்டில் வட்டெழுத்து பின்னும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய பதினெட்டாம் நூற்றாண்டிலும் இந்த ஊர்களில் எழுத்தின் இருப்பிடம் ஓலையாகவும், கருவி எழுத்தாணியாகவும் இருந்தன. எழுத்தாணி கூரானது, அது கீறிய கோட்டில் தடிப்பும் மெலிவும் தோன்ற இடமில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனமுள்ள கோடு என்பது ஐரோப்பிய அச்செழுத்தில் 1816-இல் வந்த புதுமை; நமக்கோ ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வந்த சகஜமான சொத்து.

தமிழ் அச்செழுத்தின் சரித்திரமும் இந்த மலையைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியே ரயில் சென்று சேரும் கொல்லத்தில், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, அன்றிக் அன்றீக்கஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. பதினாறே பக்கம் உள்ள அந்தச் சிறு நூலின் கடைசிப் பக்கத்தில், முந்தைய ஆண்டு கோவாவில் செய்த தமிழ் எழுத்தின் மாதிரியையும், பிறகு கொல்லத்தில் செய்த எழுத்தின் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கோவாவின் எழுத்து திருப்தி தராமையால் மறுபடியும் வெட்டினார்கள் என்பது அதிலிருந்து விளங்குகிறது. தமிழ் எழுத்தில் அச்சடித்த முதல் நூலிலேயே ஓர் எழுத்துக்கு மற்றோர் எழுத்து மேல் என்கிற விசாரம் இடம்பெற்றுவிட்டது. நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கொல்லத்தில் காட்டிய அந்தச் சிரத்தையை, மலைக்கு இப்பாலுள்ள நாம் நம் சாலைப் பலகைக்குக் காட்டுவது அதிகமாகாது.

பலகை எழுதுவோரின் தூரிகையும் இந்த உருண்டை முனையை அறிந்ததுதான். வட்டத் தூரிகையில் எனாமல் வண்ணத்தைத் தோய்த்து ஒரு கோட்டை இழுத்து நிறுத்தினால், அதன் நுனி தானாகவே உருண்டு முடியும். அதைச் சதுரமாக்குவதற்கென்று தட்டைத் தூரிகையால் மறுபடி ஓரம் கட்ட வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சு வருவதற்கு முன்னர், டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் பேருந்தின் நெற்றியிலும் நாம் கண்ட எழுத்துக்களில் பாதிக்கு மேல் இப்படி உருண்டவைதாம். போர்டு ஆர்ட்டிஸ்ட் என்று ஊரார் அழைத்த அந்தக் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ககரமும் ஒரு ழகரமும் சொந்தமாக இருந்தன. எழுத்தைப் பார்த்தே எழுதியவர் யார் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஃபிளெக்ஸ் பெருகப் பெருக, அவர்களுடைய தொழில் ஒரு தலைமுறைக்குள் க்ஷீணித்தது. கணிப்பொறியில் வரைந்த உருண்டை எழுத்து அந்தக் கைகளுக்கு ஈடாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிளெக்ஸ் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் எழுத்துக்களோடு ஒப்பிட்டால், தூரிகையின் முடிவு எப்படி இருந்தது என்ற ஞாபகம் இதில்தான் மிச்சமிருக்கிறது.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, தமிழெழுத்து முழுவதும் வளைவால் ஆனது, அதை உருட்டுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. டகரத்தையும் பகரத்தையும் பாருங்கள். அவை வெறும் நேர்கோடுகளும் மூலைகளும். மகரமும் யகரமும் பாதி நேர்கோடு, பாதி வளைவு. ககர, சகர, தகரங்களின் தலையில் குறுக்குக்கோடு கிடக்கிறது. மலையாள லிபி போல எல்லாவற்றையும் வட்டமாக்கும் சுபாவம் நம் எழுத்துக்கு இல்லை. டகரத்தின் மூலையை அளவுக்கு மீறி வளைத்தால் அது நிலை தளர்ந்து சாய்ந்தாற்போல் தோன்றும். பகரத்தின் இரு மூலைகளையும் உருட்டினால் கிண்ணமாகிவிடும். ஆகவே உருண்டைத் தமிழெழுத்து வரைகிறவரின் சாமர்த்தியம், எங்கே உருட்டாமல் விடுவது என்பதில் இருக்கிறது. முனைகளை முழுமையாக உருட்டலாம். வெளிமூலைகளைச் சிறிதே வளைக்கலாம். உள்மூலைகளை ஏறக்குறையக் கூர்மையாகவே விட்டுவைக்க வேண்டும். அப்பொழுதுதான் டகரம் டகரமாக நிற்கும்.

கனம் கூடும்போது கஷ்டங்களும் கூடுகின்றன. மூன்று சுழி ணகரத்தைத் தடித்த கோட்டில் எழுதினால், சுழிகளுக்குள் இருக்கும் வெண்மை சுருங்கிப் போய், பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது இரண்டு சுழி னகரமாகவே தென்படும். அதனால் ணகரத்துக்கு மட்டும் கோட்டைச் சற்று மெலிய வைத்து, அகலத்தைத் தாராளமாகக் கொடுத்து, மற்ற எழுத்துக்களோடு ஒரே கனமாய்த் தெரியும்படி கண்ணை இணங்கச் செய்ய வேண்டும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைச்சுழிக் கொம்புக்கும் உள்ள வேற்றுமை இன்னும் நுண்ணியது. எகர ஏகாரங்களை இப்படி வேறுபடுத்திய திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தச் சிறு மேற்சுழி தடித்த எழுத்தில் மூடிக்கொண்டால், தேனருவி தெனருவியாகிவிடும். புள்ளி இருக்கிறதே, அதை அதிகப் பெரிதாக வைத்தால் மேல்வரியை முட்டும். சிறிதாக வைத்தால் மழைத்துளியோடு மழைத்துளியாக மறைந்துபோகும். உகர ஊகார வரிசைகளோ மொத்தம் முப்பத்தாறு. அவற்றில் சு, பு, வு நேராகக் கீழே இறங்குபவை, து, நு, லு வலப்புறம் சென்று மேலே ஏறுபவை, கு, மு, ரு தம் உடலையே வளைத்துக்கொள்பவை. இந்த முப்பத்தாறையும் தனித்தனியே வரைந்து, ஒரே கை எழுதியது போல ஆக்க வேண்டும். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தை உருட்டியவருக்கு இந்தச் சிரமத்தில் பாதிகூட இருந்திருக்காது.

குற்றாலம் என்ற பெயரையே பரீட்சையாக வைத்துப் பார்க்கலாம். கு அடியில் வளைந்து திரும்புகிறது. ற் தலையில் புள்ளியைத் தாங்குகிறது. அடுத்து றகரமும் துணைக்காலும். பிறகு லகரத்தின் திறந்த வளைவு. கடைசியில் மூலையும் வட்டமும் கலந்த ம். வளைவு, புள்ளி, நேர்கோடு, மூலை எல்லாம் ஐந்தே எழுத்தில் வந்துவிடுகின்றன. இதிலுள்ள றா இன்று நாம் எழுதும் வடிவில் எப்போதும் இருந்ததில்லை. 1935-இல் பெரியார் குடி அரசு பத்திரிகையில் கையாளத் தொடங்கி, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால் நிலைபெற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால், றாவும் ணாவும் னாவும் துணைக்கால் பெறாமல் தம் வாலையே சுழித்து நெடிலாகி வந்தன. லை, ளை, ணை, னை ஆகியவற்றின் முன்னால் சங்கிலிக் கொம்பு நிற்பதற்குப் பதிலாக, யானையின் துதிக்கைபோல ஒரு வளைவு எழுத்தின் தலையிலிருந்து கிளம்பியது. ஆகவே குற்றாலமும், அதன் மலையும், மலைக்குப் போகிற சாலையும், சாலையோரத்து அண்ணாச்சி கடையும் 1978-க்கு முந்திய பலகைகளில் வேறு முகத்தோடு இருந்தன. தமிழ்நாட்டின் பழைய கட்டடங்களின் நெற்றியில் சிமெண்டில் வார்த்த எழுத்துக்களில் அந்த வடிவங்களை இன்றும் சில இடங்களில் காணலாம். சீர்திருத்தம் தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் பெரிய சௌகரியத்தைத் தந்தது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் நம் எழுத்தின் மிக அழகிய சில வளைவுகள் அன்று போயின என்பதும் மெய். முனைகளிலாவது அந்த வளைவின் இயல்பு தங்கியிருக்கும் ஓர் எழுத்தைப் பெரும்பலகைக்குத் தேர்ந்தெடுப்பதில் எனக்குள்ள ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அழகை விட்டுவிட்டு உபயோகத்தைப் பார்த்தாலும் என் பட்சம் வலுப்பெறுகிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தமிழர் மட்டுமல்லர். செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூர் கொச்சி ராஜ்யத்தோடு இருந்த பூமி. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். சாரல் காலத்தில் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கார்த்திகையும் மார்கழியும் வந்தால் சபரிமலை யாத்திரிகர்கள், ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும், போகும்போதோ திரும்பும்போதோ அருவியில் குளிக்கிறார்கள். இப்போது ஒரே பலகையில் தமிழ் ஒரு கனத்திலும், ஆங்கிலம் வேறு கனத்திலும், மலையாளம் எங்கோ கிடைத்த மற்றோர் எழுத்திலுமாக, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையில்லாமல் நிற்கின்றன. பாலூ குடும்பத்தில் இந்த லிபிகளெல்லாம் ஒரே கனத்துக்கும் ஒரே முனைக்கும் கட்டுப்பட்டு வரையப்பட்டிருப்பதால், தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரு பலகையில் ஒருசேர நிற்கும்போது எதுவும் மற்றதை அமுக்காது. பல லிபிக்காரர் ஒரே துறையில் இறங்கிக் குளிக்கிற ஊருக்கு இதைவிட அனுகூலமான எழுத்தை நான் அறியேன்.

உருண்டை எழுத்து விளையாட்டுத்தனமானது, குழந்தைகளின் பலகாரப் பொட்டலத்துக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் மட்டுமே ஏற்றது, ஒரு மாவட்டத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இந்த ஆட்சேபத்தில் ஓர் அம்சம் நியாயமானது. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். தென்காசி விசுவநாதர் ஆலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் பொறித்து வைத்த கல்வெட்டுகள், தனக்குப் பின் வருவோர் இத்திருப்பணியைப் பேணிக் காக்க வேண்டும் என்று அரசன் பணிந்து வேண்டிய வேண்டுகோளைத் தாங்கி நிற்பவை. இடிந்து நின்ற ராஜகோபுரத்தை மறுபடி எழுப்பி 1990-இல் குடமுழுக்கு நடத்தியபோது அந்த வேண்டுகோளையே பலரும் நினைவுகூர்ந்தார்கள். அத்தகைய இடத்தில் வைக்கும் விளக்கப் பலகைக்கு உருண்டையான தடித்த எழுத்து பொருந்தாது. உளியின் ஒழுங்கை ஞாபகப்படுத்தும் அடக்கமான எழுத்தே வேண்டும். குற்றாலநாதர் கோயிலுக்கும் சித்திரசபைக்கும் இதுவே விதி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் அங்கேயே மறைந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையின் உருவத்தைப் பற்றி ஓயாமல் பேசியவர். உருவமும் உணர்ச்சியும் ஒன்றையொன்று விட்டு நிற்கமாட்டா என்பது அவர் ரசனையின் ஆதாரம். எழுத்தின் விஷயத்திலும் அந்த உண்மை செல்லும்.

ஆனால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவித்து வைத்திருக்கும் பழக்கடைக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் கடைக்கும், படகுக்குழாமுக்கும், சிறுவர் பூங்காவுக்கும், ஐந்தருவி என்று விரல் நீட்டும் பலகைக்கும் கம்பீரம் எதற்காக? அங்கே வேண்டியது முகமலர்ச்சியும், தூரத்திலிருந்து படிக்கும் தெளிவும். லண்டன் பாதாள ரயிலுக்காக எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்து 1916-இல் வழக்குக்கு வந்த எழுத்து, நூறாண்டு கடந்தும் அந்நகரத்தின் குரலாக இருக்கிறது; அதன் எளிமையைக் கண்டு அந்நகரின் கௌரவம் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. ஒரே எழுத்து நெடுங்காலம் ஒரே வேலையைச் செய்து வந்தால், ஜனங்களுக்கு அதனிடம் நம்பிக்கை பிறக்கிறது; அந்த நம்பிக்கையே அதற்குக் கௌரவமாகிறது.

உருண்டை எழுத்தை எங்கே அறவே விலக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, பழைய குற்றாலத்தில் எதிர்பாராமல் பாய்ந்து வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பெருகும். இந்த அபாயத்தைச் சொல்கிற பலகைக்கு நட்பான வளைவும் சிரித்த முகமும் கூடவே கூடாது. சிப்ஸ் கடையின் பெயரும் வெள்ள எச்சரிக்கையும் ஒரே ஜாதி எழுத்தில் இருந்தால், விடுமுறை மகிழ்ச்சியில் இருக்கும் கண் இரண்டையும் ஒரே விதமாக வருடிவிட்டுக் கடந்துபோகும். எச்சரிக்கைக்கென்று நேரான முனைகள் உடைய கண்டிப்பான எழுத்து ஒன்றை ஒதுக்கிவைத்து, வேறு எந்தக் காரியத்துக்கும் அதை இந்த அருவிக்கரையில் பயன்படுத்தாமல் காக்க வேண்டும். பெயருக்கும் திசைக்கும் உருண்டை எழுத்தை நான் கேட்பதன் பெரும் பயனே இதுதான்: நல்வரவுக்கு ஒரு முகம் நிலைபெற்றால்தான் எச்சரிக்கையின் முகம் வேறாகத் தெரியும்.

சோப்பு, ஷாம்பு, சீயக்காய், எண்ணெய் உபயோகிக்கக் கூடாது என்பது போன்ற நீண்ட அறிவிப்புகளுக்கும் இந்தத் தலைப்பெழுத்து உதவாது. சிறிய அளவில் பல வரிகளாக எழுதினால் சுழிகள் அடைபட்டு, பலகை முழுவதும் கறுத்துத் தெரியும். அப்படிப்பட்ட வாசகத்துக்கு மெலிந்த, சாதாரணமான எழுத்து போதும். ஏக் டைப் நிலையத்தாரின் முக்த மலர் போன்ற எழுத்துக்கள் அந்தக் காரியத்துக்கென்றே, அதே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடையும் தமிழ் அனைத்து எழுத்துரு முறையையும் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் ஃபிளெக்ஸ் கடைகளில் பழைய குறியேற்றங்களில் அமைந்த எழுத்துக்களே இன்றும் புழங்குகின்றன. அலுவலகத்தில் யூனிகோடில் தட்டச்சிட்டுக் கொடுத்த வாசகத்தைக் கடையில் வேறு குறியேற்றத்துக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகச் சிதறுவதும், அதைத் திருத்தாமலே அச்சிட்டுத் தொங்கவிடுவதும் நம் ஊர்களில் சர்வசாதாரணம். பலகைக்கு உத்தரவு கொடுக்கிற அலுவலகம் எழுத்துருவின் பெயரையும், யூனிகோடிலேயே அச்சிட வேண்டும் என்பதையும், எழுத்தை அகலத்திலோ உயரத்திலோ இழுக்கலாகாது என்பதையும் மூன்று வரியாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் இந்தக் கேடு பெரும்பாலும் நின்றுபோகும். இடம் போதாவிட்டால் எழுத்தை நெருக்காமல் அளவைக் குறைக்கலாம், அல்லது பலகையைப் பெரிதாக்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். இந்த மாவட்டத்தில் இன்னும் தூரிகையைக் கைவிடாத பலகைக் கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, செண்பகாதேவி, தேனருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளையாவது, உருண்டை எழுத்தின் அமைப்பை அவர்களிடம் மாதிரியாகக் கொடுத்து, தகரத்திலோ மரத்திலோ கையால் எழுதச் சொல்லி, அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம். ஃபிளெக்ஸ் ஓரிரு சாரலிலேயே வெளிறித் தொங்கும்; நல்ல எனாமல் பலகை அதைவிடப் பல பருவங்கள் நிற்கும். முதலாவதாக ஐந்தருவிச் சாலை பிரிகிற இடத்தில் ஒரே ஒரு பலகையை நிறுத்தி, ஒரு சாரல் காலம் முழுவதும் அதை மழையிலும், மாலை மங்கலிலும், ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்தும், கண்ணாடி அணிந்த முதியவர்களையும் புதிதாக எழுத்துக் கூட்டுகிற குழந்தைகளையும் கொண்டு படிக்கச் சொல்லிப் பார்த்து, ணகரத்தின் சுழிகளும் ஏகாரக் கொம்பும் எத்தனை அடி தூரத்தில் மூடிக்கொள்கின்றன என்பதை அளந்து குறித்துக்கொண்ட பிறகு, மற்றப் பலகைகளை எழுதத் தொடங்கலாம்.